பெட்டியோடு வந்தது 8 கோடி, தேடி வாங்கியது எவ்வளவு?

கேள்வி இதுதான்: நின்டெண்டோ வீ மாதிரி வலு குறைந்த கன்சோலில் (டிவியில் மாட்டி விளையாடும் கேம் மெஷினில்) எது அதிகம் விற்றதோ அதைத்தானே நல்ல கேம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும்? விமர்சகர்கள் தலையில் தூக்கிவைத்து ஆடிய பல கேம்கள் அதில் விற்கவே இல்லையே, அப்படியானால் அவை உண்மையில் அவ்வளவு நல்லவை இல்லையா?

இல்லை, அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. அதற்காக விற்பனைக்கும் தரத்துக்கும் சம்பந்தமே கிடையாது என்று கையைத் தட்டிவிட்டுப் போவதும் சோம்பேறித்தனம். விற்பனை எண் ஏதோ ஒன்றைச் சொல்லத்தான் செய்கிறது. முதல் மாத எண் சொல்வது ஒன்று, மூன்றாவது வருட எண் சொல்வது வேறொன்று. இரண்டையும் ஒரே தட்டில் போட்டு எடை பார்ப்பதால்தான் இந்தக் குழப்பம்.

முதலில் அந்தப் பெட்டியைப் பற்றி. வீ வந்தது 2006 நவம்பரில். அமெரிக்காவில் விலை 250 டாலர். அதே மாதம் வந்த பிளேஸ்டேஷன் 3 வேண்டுமென்றால் 500 அல்லது 600 டாலர் எடுத்து வைக்க வேண்டும். இந்த விலை வித்தியாசம் சும்மா வரவில்லை. வீயின் உள்ளே இருந்தது, நின்டெண்டோவின் முந்தைய கன்சோலான கேம்கியூபின் சில்லைக் கொஞ்சம் வேகப்படுத்திய வடிவம்தான். பிராசஸர் 729 மெகாஹெர்ட்ஸ், நினைவகம் 88 எம்பி. எக்ஸ்பாக்ஸ் 360-இலும் பிளேஸ்டேஷன் 3-இலும் 512 எம்பி. எச்டி படமே கிடையாது, அதிகபட்சம் 480 கோடுகள். கடைசியில் 10.16 கோடி வீ விற்றது. மற்ற இரண்டும் 8 கோடியைத் தாண்டி 9 கோடியைத் தொடாமல் நின்றன. நின்டெண்டோவின் கையடக்க மெஷின்களான கேம் பாய், டிஎஸ், அப்புறம் பிளேஸ்டேஷன் 2 எல்லாமே இதே கதைதான், எதிரில் இருந்த வலுவான மெஷினை விற்பனையில் அடித்துப்போட்டவை. ஆகவே மெஷினின் வலு பற்றிய பேச்சை இத்தோடு விடுவோம். சிக்கல் கேம்களில்தான்.

வீயில் அதிகம் விற்ற கேம் எது என்று தேடினால் வீ ஸ்போர்ட்ஸ் வரும், 8.29 கோடி. இதை வைத்து அதுதான் அந்தத் தலைமுறையின் தலைசிறந்த கேம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஜப்பான் போன்ற சில இடங்களைத் தவிர மற்ற நாடுகளில் அது கன்சோல் பெட்டிக்குள்ளேயே வந்தது. வாஷிங் பவுடரோடு இலவசமாக வந்த பக்கெட் எத்தனை லட்சம் போனது என்று எண்ணி, இதுதான் நாட்டிலேயே சிறந்த பக்கெட் என்று சொல்கிற மாதிரிதான் இந்தக் கணக்கு. வீ பிளே இன்னும் வேடிக்கை. 2.8 கோடி விற்றது, விமர்சகர்களின் மதிப்பெண்களைத் திரட்டி நூற்றுக்குச் சராசரி போடும் மெட்டாகிரிட்டிக் தளத்தில் 58. வீயைக் கையில் பிடித்து விளையாடும் கன்ட்ரோலருக்கு ரிமோட் என்று பெயர், கையின் அசைவை அது உணரும். அமெரிக்காவில் அன்று ஒரு ரிமோட் தனியாக 40 டாலர். அதே ரிமோட்டோடு வீ பிளே சேர்ந்த பெட்டி 50 டாலர். வீட்டில் இரண்டாவது ஆள் விளையாட எப்படியும் இன்னொரு ரிமோட் வாங்கத்தான் வேண்டும், 10 டாலர் சேர்த்துப் போட்டால் ஒரு கேமும் கிடைக்கிறது. அந்த 2.8 கோடியில் பெரும்பகுதி ரிமோட்டின் விற்பனை என்று சொன்னால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

சரி, வீ ஸ்போர்ட்ஸ் மோசமான கேமா என்றால், அதுவும் இல்லை. ஜப்பானில் அதைத் தனியாகக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருந்தது, அங்கேயும் 30 லட்சத்துக்கு மேல் போனது. இலவசமாகக் கிடைக்காத ஊரிலும் மக்கள் தேடி வாங்கினார்கள் இல்லையா, அந்த எண்ணுக்குத்தான் நான் மதிப்புக் கொடுப்பேன். அதன் பௌலிங் ஆட்டத்தை முதியோர் இல்லங்களில் போட்டியாகவே நடத்தினார்கள். கன்ட்ரோலரையே கையில் தொடாத ஆட்களுக்கு அரை நிமிடத்தில் புரிகிற மாதிரி ஒரு விளையாட்டை அமைப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. ஆனால் அதற்குச் சாட்சி அந்த 30 லட்சம்தான். 8.29 கோடி சாட்சிக் கூண்டில் ஏறவே கூடாது.

இப்போது எனக்குப் பிடித்த உதாரணம், ரெட் ஸ்டீல். யுபிசாஃப்ட் வெளியிட்டது, வீயோடு சேர்ந்தே முதல் நாளில் வந்தது. ரிமோட்டைத் திரையை நோக்கி நீட்டினால் துப்பாக்கி, வீசினால் வாள் என்று ஆசை காட்டினார்கள். கையில் எடுத்தால் வாள் நம் கையோடு வரவே வராது. நாம் எப்படிச் சுழற்றினாலும், அதற்குத் தெரிந்த சில வீச்சுகளில் ஏதோ ஒன்றைத் திரையில் செய்து காட்டும். துப்பாக்கியின் குறியும் தள்ளாடும். விமர்சனச் சராசரி 63. ஆனாலும் 10 லட்சத்துக்கு மேல் விற்றது. காரணம் எளிது: புது மெஷின் வாங்கியவர்களுக்கு முன்னால் அன்றைக்குக் கடை அலமாரியில் இருந்தது கொஞ்சம் கேம்கள்தான், அதில் துப்பாக்கி ஆட்டம் வேண்டுமென்றால் போக்கிடம் அதிகம் இல்லை.

2010-இல் ரெட் ஸ்டீல் 2 வந்தது. முதல் பாகத்தின் கதையைத் தூக்கிப் போட்டுவிட்டு, பாலைவன நகரத்தில் வாளும் துப்பாக்கியும் ஏந்திய ஒருவனை வைத்துப் புதிதாக எழுதினார்கள். கார்ட்டூன் பாணியில் தடித்த கோடும் பளிச்சென்ற நிறமும் கொடுத்ததால் 480 கோட்டிலும் படம் அழகாகவே இருந்தது. முக்கியமாக, மோஷன் ப்ளஸ் என்ற கூடுதல் சென்சாரைக் கட்டாயமாக்கினார்கள். அதனால் கையின் வேகமும் கோணமும் வாளில் இறங்கின. மெல்ல வீசினால் மெல்லிய வெட்டு, ஓங்கி வீசினால் கவசம் உடையும். மதிப்பெண் 80-ஐ ஒட்டி. விற்பனையோ முதல் பாகத்தின் பக்கத்தில்கூட வரவில்லை.

இந்த ஜோடியை வைத்து, வீ ரசிகர்களுக்குத் தரம் தேவைப்படவில்லை என்று எழுதினார்கள். நான் வேறு மாதிரிதான் படிக்கிறேன். முதல் பாகத்தை வாங்கிக் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் இரண்டாவதை நம்பவில்லை. ஒரு கேமின் தொடக்க விற்பனை பெரும்பாலும் அதற்கு முந்தைய கேமின் தரத்தைத்தான் காட்டும். புதுக் கேமை யாரும் இன்னும் விளையாடியே இருக்கவில்லை, அப்புறம் அதன் தரம் எப்படி அந்த எண்ணில் இறங்கும்? போதாக்குறைக்கு மோஷன் ப்ளஸ் இல்லாதவர்கள் அதற்கும் சேர்த்துப் பணம் கொடுக்க வேண்டியிருந்தது.

வலு குறைந்த கன்சோலுக்கென்றே சில தனிக் கோளாறுகளும் உண்டு. பெரிய நிறுவனங்கள் தங்கள் முதல் தர அணியை எக்ஸ்பாக்ஸுக்கும் பிளேஸ்டேஷனுக்கும் அனுப்பிவிட்டு, வீக்கு மிச்சத்தைக் கொடுத்தன. டெட் ரைசிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2006-இல் எக்ஸ்பாக்ஸ் 360-இல் வந்தபோது அதன் முழுக் கவர்ச்சியும், ஒரு ஷாப்பிங் மால் நிறைய நூற்றுக்கணக்கான ஜாம்பிகள் திரையை அடைத்துக்கொண்டு நிற்பதுதான். நாயகன் ஒரு பத்திரிகைப் புகைப்படக்காரன், படம் எடுத்தால் புள்ளிகள் கிடைக்கும். 2009-இல் வீக்கு வந்த பதிப்பில் கூட்டம் கரைந்துபோயிருந்தது, புகைப்படம் எடுக்கும் வசதியையே நீக்கிவிட்டார்கள். கேமரா இல்லாத புகைப்படக்காரன்! அது விற்காமல் போனால் வீ வாங்கியவர்களின் ரசனையைக் குறை சொல்ல முடியுமா? அந்த வகைக் கேமுக்கு உயிரை விடுகிற ஆளிடம் ஏற்கெனவே ஒரு எக்ஸ்பாக்ஸ் இருந்திருக்கும், மூன்று வருடம் முன்பே அசலை முடித்திருப்பான்.

டெட் ஸ்பேஸ் என்ற திகில் கேமும் அப்படித்தான். மற்ற மெஷின்களில் நாமே நடந்து திரிந்து பயப்படலாம். வீக்கு வந்த எக்ஸ்ட்ராக்‌ஷனில் கேமரா தானே நகரும், நாம் சுட மட்டும் செய்யலாம். அந்த வகையில் அது நன்றாகவே செய்யப்பட்டது, மதிப்பெண்ணும் 80-ஐத் தாண்டியது. அமெரிக்காவில் முதல் மாதம் 9,000 பிரதிகள் என்ற செய்தி அப்போது எல்லா இடத்திலும் சுற்றியது. அது 2009 செப்டம்பர் 29-ஆம் தேதி வெளியானது, அந்த மாதக் கணக்கு முடிய சில நாட்கள்தான் இருந்தன என்பதைப் பலர் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். சில நாள் என்று வைத்தாலும் எண் மோசம்தான், மறுக்கவில்லை. ஆனால் மாதக் கணக்கு என்று சொல்லிக் கொடுக்கப்படுகிற எண்ணுக்குப் பின்னால் எத்தனை நாள் இருக்கிறது என்று பார்க்காமல் தீர்ப்பு எழுதக் கூடாது.

அதே 2009 மார்ச்சில் டிஎஸ்ஸுக்கு ஜிடிஏ சைனாடவுன் வார்ஸ் வந்தது. மெட்டாகிரிட்டிக்கில் 93, டிஎஸ் கேம்களிலேயே உச்ச மதிப்பெண். ஜிடிஏ என்ற புகழ்பெற்ற குற்றக் கதைத் தொடரின் பெயர் வேறு. அமெரிக்காவில் அந்த மாதம் 90,000 பிரதிகூடப் போகவில்லை. ஏன்? டிஎஸ் வைத்திருந்தவர்களில் பெரும்பங்கு நின்டெண்டாக்ஸ் நாய்க்குட்டிக்கும் மூளைப் பயிற்சிக்கும் போகிமானுக்கும் வந்தவர்கள். இந்தக் கேமோ பெரியவர்களுக்கானது. ஆர்4 கார்டு என்ற ஒன்றும் அப்போது ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தது, திருட்டுப் பிரதிகளை அதில் ஏற்றி விளையாடினார்கள். அதன் விற்பனையை ஜப்பானில் நீதிமன்றமே தடை செய்யும் அளவுக்கு விஷயம் போனது. அப்படி விளையாடியவர்கள் எந்த விற்பனைக் கணக்கிலும் இல்லை.

இந்த இடத்தில் எதிர்த் தரப்பும் கொஞ்சம் பேச வேண்டும். விமர்சகர் மதிப்பெண்ணை மட்டும் தரம் என்று பிடித்துக்கொண்டால் அதிலும் ஓட்டை உண்டு. 2009 கடைசியில் வந்த ஜஸ்ட் டான்ஸுக்கு மெட்டாகிரிட்டிக் கொடுத்தது 49. கையில் ரிமோட்டை வைத்துக்கொண்டு திரையில் ஆடுபவரைப் பார்த்து ஆட வேண்டும், அவ்வளவுதான். ரிமோட்டுக்குத் தெரிவது ஒரு கையின் அசைவு மட்டும், கால் என்ன செய்கிறது என்று அதற்குத் தெரியாது. சோபாவில் உட்கார்ந்து கையை ஆட்டினாலே புள்ளி விழும். விமர்சகர்கள் இதைத்தான் குறையாக எழுதினார்கள், உண்மையும்தான். ஆனால் பத்துப் பேர் கூடிய வீட்டில் யாரும் புள்ளியைப் பார்ப்பதில்லை. திரையில் ஆடுகிற உருவத்தைக் கவனித்திருக்கிறீர்களா? நிஜ ஆள் ஆடியதைப் படம் பிடித்து, முகத்தை வெள்ளையாக அழித்து, உடம்பைத் தட்டையான நிறங்களாக்கி, ரிமோட் பிடித்த கையில் மட்டும் பளிச்சென்று ஒரு கையுறை. எந்தக் கையை அசைக்க வேண்டும் என்று அறையின் கோடியில் நிற்பவருக்கும் தெரியும். கிட்டத்தட்ட வீடியோ ஓடுகிற வேலைதான் என்பதால் பலவீனமான மெஷினுக்குச் சிரமமே இல்லை. இந்த மெஷினை, இந்த ரிமோட்டை, இந்தக் கூட்டத்தை மனதில் வைத்துச் செய்யப்பட்ட வடிவமைப்பு என்று பார்த்தால் என் கணக்கில் அது 49 இல்லை. அந்தத் தொடரின் கேம்கள் வீக்கு 2019 நவம்பர் வரை வந்துகொண்டே இருந்தன, மெஷின் வந்து 13 வருடம் கழித்தும்! பக்கெட் தந்திரத்தால் 13 வருடம் ஓட்ட முடியாது.

அதே சமயம், அதே கூட்டத்துக்கென்று அவசர அவசரமாகத் தயாரித்து அலமாரியில் கொட்டிய குப்பையும் ஏராளம். கார்னிவல் கேம்ஸ் என்ற திருவிழாக் கடை ஆட்டத் தொகுப்பு 56 மதிப்பெண்ணோடு 10 லட்சத்தைத் தாண்டியது. அதற்கு வக்காலத்து வாங்க என்னிடம் எதுவும் இல்லை.

ஒரே வீட்டுக்குள், ஒரே மெஷினில் ஒப்பிட்டால் விஷயம் இன்னும் தெளிவாகும். சூப்பர் மேரியோ கேலக்ஸியும் நியூ சூப்பர் மேரியோ பிரதர்ஸ் வீயும் நின்டெண்டோவுடையவை, இரண்டுக்கும் ஒரே நாயகன். கேலக்ஸிக்கு 97 மதிப்பெண், 1.28 கோடி விற்பனை. மற்றதற்கு 87, விற்பனை 3 கோடிக்கு மேல். கேலக்ஸிதான் அந்தப் பெட்டியின் உச்சம் என்பேன், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பரந்த உலகம் ஒன்றுக்குப் பதிலாக வானத்தில் சின்னச் சின்னக் கோள்களை மிதக்கவிட்டு, ஒவ்வொன்றுக்கும் தனி ஈர்ப்பு கொடுத்தார்கள். கோளைச் சுற்றி ஓடினால் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடுவோம், வழி தவறவும் முடியாது. வினாடிக்கு 60 பிரேம் பிசகாமல் ஓடியது. ஆனால் தலைகீழாக நடக்கும் மேரியோவைப் பார்த்து அப்பாவுக்குத் தலை சுற்றும். நியூ சூப்பர் மேரியோவில் இடமிருந்து வலமாக ஓட வேண்டும், நாலு பேர் ஒரே நேரத்தில் ஒருவரை ஒருவர் தள்ளிவிட்டு விளையாடலாம். இரண்டு மடங்குக்கும் மேலான விற்பனை வித்தியாசத்தில் இருப்பது தரம் இல்லை, எத்தனை பேர் கூச்சமில்லாமல் உள்ளே வர முடியும் என்பதுதான்.

இனி, கேம் அப்படியே இருக்க மெஷின் மட்டும் மாறினால் என்ன ஆகும் என்று பார்க்கலாம். நல்லவேளையாக நின்டெண்டோவே அந்தச் சோதனையை நடத்திக் காட்டியது. வீக்கு அடுத்து வந்த வீ யூ மொத்தம் 1.36 கோடிதான் விற்றது. அதில் 2014-இல் வந்த மேரியோ கார்ட் 8, 84.6 லட்சம். 2017-இல் அதே கேமைக் கொஞ்சம் மெருகேற்றி, டீலக்ஸ் என்று பெயர் வைத்து, வீ யூவுக்கு அடுத்த கன்சோலான ஸ்விட்சில் விட்டார்கள். அது 6.5 கோடியைத் தாண்டிவிட்டது. ரோடு அதே, கார் அதே, வாழைப்பழத் தோல் அதே. மூன்று வருடத்தில் கேமின் தரம் எட்டு மடங்கு ஆகவில்லை. ஸ்விட்ச் 15 கோடிக்கு மேல் விற்றது, அவ்வளவுதான் ரகசியம்.

அதைவிடச் சுவாரசியமான கணக்கு ஒன்று உண்டு. வீ யூ வைத்திருந்தவர்களில் நூற்றுக்கு 60 பேருக்கு மேல் மேரியோ கார்ட் 8 வைத்திருந்தார்கள். ஸ்விட்சில் அந்த விகிதம் பாதியைக்கூடத் தொடவில்லை. எண்ணில் படுதோல்வி என்று சொல்லப்பட்ட பதிப்புதான் விகிதத்தில் ஜெயித்தது. தோற்ற கன்சோலை வாங்குபவர் வெறித்தனமான ரசிகர், வருகிற நல்ல கேமை எல்லாம் வாங்குவார். ஜெயித்த கன்சோலில் எல்லா வகை ஆட்களும் இருப்பார்கள். இரண்டு மெஷினிலும் அதைக் கன்சோலோடு சேர்த்துக் கட்டியும் விற்றார்கள் என்பதால் இந்த விகிதமும் சுத்தமானது கிடையாது. இருந்தாலும் வெறும் மொத்த எண்ணைவிட நியாயமாகப் பேசும்.

இன்னொரு விஷயத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை: கடையில் இருந்தால்தானே வாங்க முடியும்? ஜெனோபிளேட் குரோனிக்கிள்ஸ் என்ற வீ கேம் ஜப்பானில் 2010-இல் வந்தது, ஐரோப்பாவில் 2011-இல். அமெரிக்காவுக்குக் கொண்டுவரும் எண்ணமே தெரியவில்லை. ரசிகர்கள் ஆபரேஷன் ரெயின்ஃபால் என்று ஓர் இயக்கமே தொடங்கி, கடிதம் எழுதி, முன்பதிவுப் பட்டியலில் தள்ளி மேலே ஏற்றிக் கத்தினார்கள். 2012 ஏப்ரலில் ஒருவழியாக வந்தது, அதுவும் ஒரே ஒரு கடைச் சங்கிலியிலும் நின்டெண்டோவின் இணையக் கடையிலும் மட்டும். 92 மதிப்பெண் வாங்கிய அந்தக் கேமின் அமெரிக்க விற்பனையை வைத்து மக்களின் ரசனையை அளப்பது எந்த ஊர் நியாயம்? பிற்பாடு அந்தத் தொடர் ஸ்விட்சில் வேர் பிடித்தது, இரண்டாம் பாகம் 20 லட்சத்தைத் தாண்டியது.

மெஷின்தான் எல்லாமே என்றும் சொல்லிவிட முடியாது. செல்டா என்ற சாகசத் தொடரின் ஸ்கைவர்ட் சோர்டு 2011 கடைசியில், வீயின் அந்திமக் காலத்தில் வந்தது. 93 மதிப்பெண், விற்பனை 37 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. காலம் தப்பி வந்ததால் விற்கவில்லை என்று ரசிகர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2021-இல் எச்டியாக்கி, பட்டன்களாலும் விளையாடும்படி ஸ்விட்சில் விட்டார்கள். மெஷின் இருந்த வீடுகள் கோடிக்கணக்கில். அங்கேயும் கிட்டத்தட்ட 40 லட்சம்தான். இதே தொடரின் பிரெத் ஆஃப் த வைல்டு வீ யூவில் 17 லட்சம், ஸ்விட்சில் 3 கோடிக்கு மேல். நன்றாக விற்ற மெஷினில் ஒன்று பறந்தது, ஒன்று நின்ற இடத்திலேயே நின்றது. ஸ்கைவர்ட் சோர்டின் பாதையில் வந்த இடத்துக்கே திரும்பத் திரும்ப அனுப்பும் பழக்கமும், முடிவே இல்லாத விளக்கப் பேச்சும் உண்டு. 93 கொடுத்த விமர்சகர்கள் கொஞ்சம் தாராளமாகத்தான் கொடுத்தார்கள் என்று நினைக்கிறேன். இங்கே விற்பனை எண்ணின் பக்கம்தான் நான்.

ஆகவே ஒரு எண்ணைப் பார்த்தால், கன்சோலோடு கட்டி விற்றதா, அந்த நேரத்தில் மாற்று ஏதாவது இருந்ததா, முந்தைய பாகம் எப்படி இருந்தது, இரண்டாம் மூன்றாம் வருடமும் முழு விலைக்குப் போனதா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு ஆமாம் என்று பதில் வந்தால் கேமில் ஏதோ இருக்கிறது என்று தாராளமாக நம்பலாம்.

பழைய வீ கையில் கிடைத்து, விற்காமல் போன நல்ல கேம்களில் எதைத் தேடலாம் என்று கேட்டால்: புதிர் பிடித்தவர்களுக்கு ஜாக் அண்ட் விக்கி. கருப்பு வெள்ளையில் ரத்தம் மட்டும் சிவப்பாகத் தெறிக்கும் மேட்வேர்ல்டு, வேறு மெஷினுக்கு வராமலே போனது, குழந்தைகள் இல்லாத நேரத்தில் மட்டும். அப்புறம் ரெட் ஸ்டீல் 2. அதை வாங்கினால் ரிமோட்டின் முகப்பில் மோஷன் ப்ளஸ் என்று எழுதியிருக்கிறதா, அல்லது அடியில் மாட்டும் அந்தச் சின்னத் துண்டு கூட வருகிறதா என்று பார்த்து வாங்குங்கள். இல்லாவிட்டால் ஆட்டம் தொடங்கவே தொடங்காது.